ஒருவரை அறையில் விட்டுவிட்டு உல்லாசமா?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளில் ஒரே பேச்சுதான். "இந்தச் சனி ஞாயிறு எங்கே போகலாம்?" கல்யாண், டோம்பிவிலி, செம்பூர், மாட்டுங்கா, தாராவி என்று எங்கே குடியிருந்தாலும் நமக்கு லோணாவளா, கண்டாலா, மாத்தேரான், மகாபலேஸ்வர் இவைதான் ஊட்டியும் கொடைக்கானலும். ரிசார்ட்டில் அறை பதிவு செய்ய ஒரு மாதம் யோசிக்கிறோம். நீச்சல் குளம் உண்டா, ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கு தெரியுமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் அன்று மாலை குடும்பத்தோடு எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கு ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. இரவு எட்டரை மணிக்கு, பசியோடு, காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பேச்சே தொடங்குகிறது. பல குடும்பங்களில் மனத்தாங்கலும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவர், "நீங்க போயிட்டு வாங்க, நான் ரூம்லயே இருக்கேன்" என்று சொல்லும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஓட்டல், எவ்வளவு பெயர் பெற்றதானாலும், குடும்பத்துக்கான ஓட்டல் அல்ல.

நான் டிப்ளமோ படித்துவிட்டு 1981இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் 38 ஆண்டுகள் வேலை பார்த்தவன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஒரு பாதையில் எவ்வளவு பாரம் ஏற்றிய வண்டியை விடலாம் என்பதை அந்தப் பாதையிலுள்ள மிக உறுதியான பாலம் தீர்மானிப்பதில்லை. மிகப் பலவீனமான பாலம்தான் தீர்மானிக்கிறது. மற்ற பாலங்கள் எல்லாம் இரும்பாலானவை, ஒன்றுதானே பழையது என்று யாரும் வாதாட முடியாது. குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவதற்கும் இதே விதிதான் பொருந்தும் என்பது என் துணிபு. பாட்டியின் முழங்கால், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, நான்கு வயதுப் பேத்தியின் தூக்கம் ஆகிய மூன்றும் தாங்கக்கூடிய இடமா என்று பார்த்துவிட்டுப் பிறகு மற்றதைப் பார்க்கவேண்டும். நாம் செய்வது தலைகீழ். படம் அழகாக இருக்கிறதா, அலைபேசியில் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து இடத்தை முடிவு செய்துவிட்டு, வரமுடியாதவர்களைக் கழித்துவிடுகிறோம்.

சென்ற ஆண்டு மழையில் நாங்கள் எட்டுப் பேர் லோணாவளா போயிருந்தோம். நானும் என் மனைவியும், மகன், மருமகள், பேரன், பேத்தி, ஊரிலிருந்து வந்திருந்த சம்பந்தியும் சம்பந்தியம்மாளும். மகன் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். மொட்டைமாடியில் விளக்குத் தோரணம், பாட்டுக் கச்சேரி, கீழே பள்ளத்தாக்கு. நல்ல இடம்தான். ஆனால் லிஃப்ட் இல்லை, 32 படிகள். போன் செய்து கேட்டுச் சொன்னவன் அவனே. அன்று அமாவாசை வேறு. சம்பந்தியம்மாள் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். முழங்கால் வலிக்காரரும்கூட. அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு ரெண்டு வாழைப்பழம் போதும். குழந்தைங்க ஆசைப்படறாங்க, நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்றார்.

அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. அதனால்தான் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் நான் மருமகளின் முகத்தைப் பார்த்தேன். ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி, வருஷத்துக்கு ஒரு முறை மகளைப் பார்க்க வந்த தாய் ஒரு பூட்டிய அறையில் வாழைப்பழம் சாப்பிடும்போது, அந்தப் பெண் மொட்டைமாடியில் உட்கார்ந்து எதை ருசித்துச் சாப்பிட முடியும்? வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, கணவன் ஆசையாக ஏற்பாடு செய்தது. என் மனைவிதான் பேச்சை முடித்தாள். "சம்பந்தியம்மா வரலைன்னா நானும் வரலை. ரெண்டு பேருமா வாழைப்பழம் சாப்பிட்டுக்கறோம்" என்று சொல்லிவிட்டாள்.

மகன் சமர்த்து. பழைய நெடுஞ்சாலைப் பக்கம் தரைத்தளத்தில் இருந்த சாதாரண சைவ ஓட்டல் ஒன்றுக்கு வண்டியைத் திருப்பினான். ஏழேகால் மணி, கூட்டம் இல்லை. சர்வரிடம் "ஜெயின்" என்ற ஒரே ஒரு சொல் சொன்னோம். வெங்காயம், பூண்டு இல்லாத பருப்பும் சோறும் வந்தன. பேத்தி தன் தட்டை விட்டுவிட்டுப் பாட்டியின் தட்டில் கைவைத்தாள். மறுநாள் இரவு மகனும் மருமகளும் மட்டும் அந்த மொட்டைமாடிக்குப் போய்வந்தார்கள். பேரன், பேத்தி எங்களோடு. யாருக்கும் குறையில்லை.

இது ஏதோ தற்செயலாக நன்றாக முடிந்த கதை அல்ல. முன்கூட்டிச் சில விஷயங்களைக் கேட்டுவிட்டால் எந்தக் குடும்பத்திலும் இப்படி முடிக்கலாம். எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

நேரம்

நம் வீடுகளில் ஏழரை, எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்கள் அதிகம். இங்குள்ள ஓட்டல்களில் இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் ஒன்பது மணிக்குத்தான் உச்சத்தில் இருக்கும். பல ரிசார்ட்டுகளில் இரவு பஃபே எட்டு மணிக்குமேல்தான் திறக்கிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வழக்கமான நேரத்துக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு, மேசைக்காக வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இது விளையாட்டான விஷயம் அல்ல. ஆகவே "சமையலறை எத்தனை மணிக்குத் திறக்கும்?" என்பதே போனில் கேட்கவேண்டிய முதல் கேள்வி. ஏழு மணிக்குப் போய் எட்டரைக்கு எழுந்துவிட்டால் கூட்டமும் இல்லை, சமையல்காரருக்கும் அவசரம் இல்லை, குழந்தையும் மேசையில் தலைவைத்துத் தூங்காது.

மழைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் லோணாவளாவில் பூஷி அணைப் பக்கம் போய்த் திரும்பும் வண்டிகளால் சாலை அடைபடும். விரைவுச் சாலை 2002இல் முழுதாகத் திறந்த பிறகு மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் வருவது எளிதாகிவிட்டது. அதனால் ஊருக்குள் நெரிசலும் கூடிவிட்டது. வரைபடத்தில் நான்கு கிலோமீட்டர் என்று காட்டும் இடத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். இரவில் மூடுபனி வேறு. தங்கும் இடத்திலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் ஓட்டலே மேல். ஆட்டோவில் போவதானால் திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் ஓட்டுநரும் அந்த நேரத்தில் சாப்பிடவேண்டியவர்தான். அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நம் கடமை.

பலகையைப் படியுங்கள்

இந்த மாநிலத்தில் ஓட்டல் பலகைகளுக்கென்று தனி மொழி இருக்கிறது. "பெர்மிட் ரூம்" என்றால் மது பரிமாறும் இடம். 1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின்படி குடிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் வந்த பெயர் அது. புதிதாக வந்த நம்மவர்கள் சிலர் தங்கும் அறை என்று நினைத்து விசாரித்ததும் உண்டு. "ஃபேமிலி ரெஸ்டாரண்ட் அண்ட் பார்" என்ற பலகையில் ஃபேமிலி என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். பல இடங்களில் அதற்குப் பொருள், குடிப்பவர்களுக்கு ஒரு கூடம், குடும்பங்களுக்கு வேறொரு கூடம் என்பதுதான். அப்படித் தனியாக ஒழுங்காக நடத்தும் இடங்களும் உண்டு. நான் ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். குடும்பக் கூடத்துக்குத் தனி வாசல் இருக்கிறதா? கழிப்பறைக்குப் பெண்களும் குழந்தைகளும் மதுக்கூடத்தைக் கடந்து போகவேண்டியிருக்கிறதா? இந்த இரண்டுக்கும் சரியான விடை கிடைக்காவிட்டால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது நமக்கான இடம் அல்ல.

"ப்யூர் வெஜ்" என்றால் சைவ ஓட்டல் என்பது எல்லோருக்கும் தெரியும். அசைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கும் ஒன்று சொல்வேன். சைவம் மட்டும் உண்பவர் ஒருவர் உடன் வந்திருந்தால், இரண்டும் கிடைக்கும் இடத்தில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பன்னீர்க் கறியும் இரண்டு ரொட்டியும்தான். எல்லோரும் சாப்பிடும் அந்த ஒரு வேளைக்குச் சைவ ஓட்டலே உத்தமம். மீனும் கோழியும் மறுநாள் மதியத்துக்கு ஓடிப்போய்விடாது.

படியும் கழிப்பறையும்

இது என் தொழில்புத்தி என்று இளையவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவருக்கு ஓட்டலில் முதல் பயம் பில் அல்ல, படி. எத்தனை படி, கைப்பிடி உண்டா, மழையில் நனைந்த வழவழப்பான டைல்ஸா, கழிப்பறை அதே தளத்தில் இருக்கிறதா, மேற்கத்திய முறை இருக்கையா என்பவற்றைப் போனிலேயே கேட்கலாம். கேட்டால் மரியாதையாகவே பதில் சொல்கிறார்கள். புல்வெளியில் மேசை போட்டிருப்பது பார்க்க அழகு. ஈரமும் குளிரும் கொசுவும் முதியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் மேசை கொடுத்தால், சிறு குழந்தை உள்ள குடும்பம் கூச்சப்படாமல் வேறு மேசை கேட்கவேண்டும். தாய் ஒரு கண்ணால் தண்ணீரையும் ஒரு கண்ணால் தட்டையும் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது சாப்பாடு ஆகாது. ஒலிபெருக்கிக்கு அருகில் உட்காராதீர்கள். காதில் கருவி பொருத்தியவர்களுக்கு அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் புரியாது. கூட்டத்தின் நடுவிலேயே தனியாகிவிடுவார்கள். அறையில் விட்டுவிட்டு வந்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

என்ன சாப்பிடுவது?

இங்கே என் வயதுக்காரர்களிடம் சற்றுக் கடுமையாகவே பேசவேண்டியிருக்கிறது. இளையவர்கள் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. "எனக்கு இட்லி, தோசை, தயிர்சாதம் தவிர வேறெதுவும் இறங்காது" என்று அடம்பிடித்து, லோணாவளா போய்ச் சேர்ந்தபிறகு ஊரெல்லாம் சுற்றி உடுப்பி ஓட்டல் தேடவைக்கும் பெரியவர்கள் நம்மில் எத்தனை பேர்! மாட்டுங்காவில் நல்ல இட்லி கிடைக்கும்போது, கல்யாணிலிருந்து ரயில் வழியில் ஏறக்குறைய 75 கிலோமீட்டர் மலையேறிப் போய், சர்க்கரை போட்ட சாம்பாரோடு இட்லி சாப்பிட்டுவிட்டு அதைக் குறை சொல்வானேன்?

மகாராஷ்டிரத்துச் சாப்பாட்டில் நமக்கு ஒத்துப்போவது நிறைய இருக்கிறது. "வரண் பாத்" என்பது துவரம்பருப்பும் சோறும் நெய்யும்தான். நம் வீட்டில் குழந்தைக்குப் பிசைந்து ஊட்டும் பருப்புசாதத்துக்கு உடன்பிறப்பு. "தால் கிச்சடி" நம் பொங்கலுக்குச் சொந்தம். மிளகாய் குறைத்துக் கேட்டால் பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். மோரை "தாக்" என்பார்கள். ஜோவார் அல்லது கம்பு மாவில் தட்டிய "பாக்ரி" சர்க்கரை உள்ளவர்களில் பலர் விரும்பிச் சாப்பிடுவது. அமாவாசை, கிருத்திகை என்று வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்களுக்கு "ஜெயின்" என்ற சொல் ஒரு வரம். குஜராத்தி, மார்வாடி குடும்பங்கள் ஏராளமாக வந்துபோகும் இந்த ஊர்களில் எந்தச் சைவ ஓட்டலிலும் அந்தச் சொல் புரியும். உருளைக்கிழங்குகூடப் போடமாட்டார்கள். நாற்பது ஆண்டுகள் இந்த மண்ணின் உப்பைத் தின்றுவிட்டு, இங்குள்ள சாப்பாட்டின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது நமக்குப் பெருமை அல்ல. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூட நண்பர்கள் வீட்டில் இவற்றையெல்லாம் சாப்பிட்டு வளர்கிறார்கள். தாத்தா பாட்டியும் கூட உட்கார்ந்து சாப்பிட்டால் அவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று ஒருமுறை பாருங்கள்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ரிசார்ட்டுக்குக் குக்கரையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு போவது. பச்சைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் அது தேவை என்றால் சரி. மற்றபடி சிக்கனம் என்ற பெயரில், வீட்டில் நின்ற அதே பெண்ணை மலைமேல் கொண்டுபோயும் அடுப்பின்முன் நிறுத்துவதற்குப் பெயர் விடுமுறை அல்ல. அவருக்கு அது இடமாற்றம் மட்டுமே. சமைப்பவரும் அறையில் விடப்பட்டவர்தான்.

பில்லும் பேக்கேஜும்

பணவிஷயத்தில் தெளிவு இருந்தால் பாதிச் சங்கடம் தீரும். அறை வாடகை ஒரு நாளைக்கு 7500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வெளியே தனியாக நடக்கும் உணவகத்தில் 5 சதவீதம். எட்டுப் பேர் சாப்பிடும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல. "சர்வீஸ் சார்ஜ்" என்பது வரி அல்ல. அதை ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சேர்க்கக்கூடாது, கட்டாயப்படுத்தக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. பில்லில் அது இருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்காக நன்றாகப் பரிமாறிய சர்வருக்கு டிப்ஸ் கொடுக்காமல் எழுந்துவராதீர்கள். உணவகத்தில் 14 இலக்க உரிம எண் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது உணவுப் பாதுகாப்புத் துறை கொடுப்பது.

பேக்கேஜில் இரவுச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டிவிட்டு, பிடிக்காவிட்டாலும் "கட்டின காசுக்கு" என்று சாப்பிடுபவர்கள் உண்டு. அறை பதிவு செய்யும்போதே காலைச் சிற்றுண்டி மட்டும் போதும் என்று சொல்லலாம். இரவுக்குப் பதில் மதியச் சாப்பாடாக மாற்றித் தருவார்களா என்றும் கேட்கலாம். மாத்தேரானில் மட்டும் கணக்கு வேறு. நேரலிலிருந்து 1907 முதல் சின்ன ரயில் ஓடும் அந்த மலையில், தஸ்தூரி நாக்காவுக்கு மேல் கார்களுக்கு அனுமதி இல்லை. செம்மண் பாதையில், இருட்டில், முதியவர்களை நடத்திக்கொண்டு ஓட்டல் தேட முடியாது. அங்கே தங்கும் விடுதியைத் தேர்ந்தெடுப்பதே சாப்பாட்டு இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். பெரும்பாலான விடுதிகள் சாப்பாட்டோடு சேர்த்தே வாடகை சொல்கின்றன. ஆகவே சமையலைப் பற்றி விசாரித்துவிட்டு அறையைப் பதிவு செய்யுங்கள்.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை

"அப்போ எப்பவுமே தால் கிச்சடியும் தரைத்தளமும்தானா? எங்களுக்கு ஆசை இல்லையா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வாரம் முழுதும் லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போய் உழைப்பவர்கள் நீங்கள். மொட்டைமாடியும் பாட்டும் உங்களுக்கு வேண்டும்தான். அதற்கு வழி, பெரியவர்களை விட்டுவிட்டுப் போவதல்ல. மாலைகளைப் பங்கிட்டுக்கொள்வது. இரண்டு இரவு தங்கினால் ஒன்று எல்லோருக்கும், ஒன்று உங்களுக்கு. உங்களுடைய இரவில் பேரப்பிள்ளைகளைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். "இன்னிக்கு நாங்க போறோம், குழந்தைங்களை நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்பது ஒன்று. "உங்களால படி ஏற முடியாது, நீங்க இருங்க" என்று சொல்வது வேறொன்று. முதலாவதில் பெரியவர்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. இரண்டாவதில் அவர்கள் ஒரு சுமை.

பெரியவர்களும் ஒன்றைக் கடைப்பிடிக்கவேண்டும். முழங்கால் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்லுங்கள். தியாகம் செய்வதாக நினைத்து "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, ஊர் திரும்பியபின் ஒரு மாதம் அதை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல. சொல்லாத வலிக்குப் பிள்ளைகள் ஓட்டல் தேட முடியாது.

நாம் ஊரைவிட்டு வந்தவர்கள். இங்கே சித்தப்பா, அத்தை, மாமா என்று அக்கம்பக்கத்தில் உறவு கிடையாது. நம் குழந்தைகளுக்குக் குடும்பம் என்றால் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அந்த ஏழெட்டுப் பேர்தான். அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் அவர்கள் அதையும் ஒரு வழக்கமாகவே கற்றுக்கொள்வார்கள். நாளை அந்த நாற்காலி நமதாக இருக்கும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மலைவாசஸ்தலங்களில் படி குறைவான, ஏழு மணிக்கே சாப்பாடு தரும், குடும்பத்தோடு நிம்மதியாக உட்காரக்கூடிய ஓட்டல்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். போய்ச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் நான்கு வரி எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். இதழில் அரைப் பக்கம் அதற்கு ஒதுக்கும்படி ஆசிரியரை நான் கேட்டுக்கொள்கிறேன். வரும் மழைக்காலத்தில் நம்மவர் வீட்டுப் பாட்டி ஒருவராவது வாழைப்பழத்தோடு அறையில் உட்காராமல் பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிட்டால், அந்த அரைப் பக்கத்துக்கு அது போதும்.